சம்பந்திக்கு அனுப்பிய இறால்

சாப்பாட்டுத் தட்டுகள் ஓடும் பட்டியில் சுற்றிவருகிற ஜப்பானிய சுஷிக் கடையில் மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திப்போம் என்று மகள் சொன்னபோதே எனக்குக் கோபம் வந்தது. சம்பந்தியாகப் போகிறவரை முதல்முறை பார்க்கிறோம். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சமைத்துப் போடுவதுதானே முறை?

"வீடு வேண்டாம் அம்மா, பொது இடம்தான் நல்லது. அவன்ரை அம்மா எங்களைப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவாவாம். இண்டைக்கு மட்டும் ஆரோடையும் கொளுவாதேங்கோ."

நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. உள்ளதைச் சொல்வேன், அவ்வளவுதான்.

சுவிஸில் நாங்கள் இருக்கும் ஓல்டனிலிருந்து இருவரும் கடை இருந்த ஓர்லிகோனுக்குப் போனோம். பாடனிலிருந்து பையனும் தாயும் வந்திருந்தார்கள். சனிக்கிழமைக் கூட்டம். நான்கு கதிரை சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. பட்டியின் இந்தப் பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் அவர்கள். மூலையில் ஒரு பருத்த சுவிஸ்காரர். தட்டுகள் முதலில் எங்களிடம் வந்து, அவரைச் சுற்றி, பிறகுதான் அவர்களிடம் போகும்.

அந்த அம்மா எதையும் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். விருந்தாளி தானாக எடுப்பாரா? நாங்கள் மூன்று தரம் சொல்லிப் போட்டால்தானே சாப்பிடுவார்? அதோடு அவர் முன்னால் போனதெல்லாம் பச்சை மீன். பொரித்த இறால் எப்போதாவது ஒன்று வரும், அதையும் எங்கள் பக்கத்தில் இருந்தவர்களே எடுத்து முடித்தார்கள். என் சம்பந்தி பட்டினி இருக்க, நான் இறால் தின்பதா?

அடுத்த இறால் தட்டைப் பிடித்தேன். அதன் மேலிருந்த கண்ணாடி மூடியைத் திறந்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து மதியச் சாப்பாடு, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் இல்லாமல் எனக்கு இறங்காது, அதனால் கைப்பையில் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். இறால்மேல் இரண்டு கரண்டி சம்பல் வைத்து, மூடி, பட்டியில் விட்டேன்.

"அம்மா! என்ன செய்யிறியள்?"

"உன்ரை மாமிக்கு அனுப்பிறன்."

மூலையிலிருந்த மனிதர் அதை எடுத்தார்.

"ஐயோ, அது உமக்கில்லை!" தமிழில்தான் கத்தினேன். கடை முழுவதும் திரும்பியது. அவர் அதற்குள் விழுங்கிவிட்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிய இருமினார். பணிப்பெண் ஓடிவந்து, எடுத்த தட்டைத் திருப்பி வைக்கக்கூடாது என்றாள். நான் திருப்பி வைக்கவில்லை, அனுப்பினேன் என்றேன். மகள் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

எதிர்ப்பக்கத்தில் அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எழுந்து, இருமுகிறவருக்குத் தன் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, அந்தப் போத்தலை இஞ்சை தாங்கோ. பச்சை மீன் எனக்கு ஒத்துவராது, சொல்ல வெக்கமாக் கிடந்தது."

என் கதிரையைக் கொடுத்தேன். அடுத்த இறாலை எடுத்து நானே அவர் முன்னால் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டபின் கேட்டார்:

"பிள்ளை சமைப்பாவோ?"

மகள் என் காலை மிதித்தாள்.

"முட்டை பொரிக்கவும் தெரியாது," என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. என்ரை பெடியன் விடியவிடியச் சமைப்பான். திண்டு முடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தனான். கலியாணத்தைத் தையிலை வைப்பமோ?"

"தையிலையோ? பனிக்குள்ளை பட்டுச் சீலையோடை ஆர் நடுங்கிறது? வைகாசி."

"வைகாசியிலை மண்டபம் கிடைக்காது, அக்கா!"

"தேடினால் கிடைக்கும்!"

நாங்கள் இருவரும் குரலை உயர்த்தினோம். மகள் அப்போதுதான் தனக்கென்று ஒரு தட்டை எடுத்தாள்.