நூற்றொன்றாவது புரோசஸ்

ராஜபாளையத்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அங்கிருந்தபடியே வேலை பார்த்துவந்தேன். கம்ப்யூட்டரின் அத்தனை வேலைகளையும் மேய்க்கும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில் எனக்கு வேலை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையையும் புரோசஸ் என்போம். ஒரே ஆளின் புரோசஸ்கள் பெருகி மெஷினையே முடக்கிவிடாமல் இருக்க ஒரு வரம்பு வைத்திருப்போம். அதை மீறவிடாமல் தடுக்கும் பகுதி என்னுடையது.

கூட வேலை பார்த்தவர்கள் யாரையும் நேரில் கண்டதில்லை. எல்லாப் பேச்சும் எழுத்தில்தான். சில நாட்களில் ஓட்டலில் தோசை கேட்பதற்கு மட்டுமே வாய் திறந்திருப்பேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பிழை வந்தது. நூறு புரோசஸ் என்று வரம்பு வைத்த இடத்தில் எப்போதாவது நூற்றொன்று ஓடியது. அதே சோதனையை மறுபடி ஓட்டினால் நூறோடு நின்றுவிடும். வாரக்கணக்கில் தேடினேன். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போது வந்ததென்று தெரியவில்லை.

ஒரு காலை, கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார். கணவர் இறந்து, மகளும் கல்யாணமாகி வெளியூர் போனபின் தனியாக இருப்பவர். மகளோடு போனில் பேசும்போது மட்டும் தெலுங்கு கேட்கும்.

"யாரு தம்பி வந்திருக்காக? பேச்சுச் சத்தம் கேக்குதே."

யாரும் இல்லை, நான்தான் என்றேன். கூச்சமாக இருந்தது. என்ன பேசினேன் என்று கேட்டார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை வைத்துச் சொன்னேன். ஒரே ஒரு சீட் காலி. முன்வாசலில் ஒருவர், பின்வாசலில் ஒருவர். இருவருமே அதை ஒரே சமயத்தில் பார்க்கிறார்கள். இருவருக்குமே இடம் இருக்கிறது என்றுதான் தோன்றும்.

சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. கெர்னல் முதலில் இடம் இருக்கிறதா என்று பார்த்தது. அதன் பிறகுதான் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டியது. நடுவில் இருந்த நொடிக்கும் குறைந்த இடைவெளியில் இன்னொரு புரோசஸும் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறது. பார்ப்பதும் கூட்டுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும்.

திருத்தம் நாலைந்து வரிகள்தான். சோதித்துப் பார்த்து அனுப்பினேன். சேர்த்துக்கொண்டோம், நன்றி என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் பாடம் நடத்தும் பழைய நண்பனைப் பார்க்க பஸ் ஏறினேன். காலேஜ் வாசலில் என்னைக் கண்டதும் அவனுக்குச் சந்தோஷம்தான். நான் பாதி சொல்லும்போதே காலேஜ் பஸ் கிளம்பிவிட்டது. போன் பண்ணுவதாகச் சொல்லி ஓடி ஏறினான். கடைசி காலேஜ் பஸ்ஸும் போகும்வரை ரோட்டோரம் நின்றிருந்தேன்.

திரும்பி வந்து, கீழ்வீட்டு அம்மாவிடம் அந்தப் பிழை சரியாகிவிட்டது என்றேன்.

"அப்ப இனிமே பேச மாட்டீகளா?"

வேறு பிழை வரும் என்றேன்.

"பேசுங்க தம்பி. சத்தம் கேட்டாத்தான் வீட்டுல ஆளு இருக்க மாதிரி இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டார். செத்த நேரம் உட்கார்ந்திருந்தோம். மகளிடமிருந்து போன் வந்தது. நான் எழுந்து மாடிக்குப் போனேன்.