கம்பி இல்லாத வானம்

ஷ்லீரன் நகரச் சமூக மண்டபத்தில் செவ்வாய் மாலைகளில் மரப்பலகை அச்சு வகுப்பு நடந்தது. துப்புரவு வேலை முடிந்ததும் நேரே அங்கே போவேன். முதல் நாள் ஆசிரியை ஒரு ஜப்பானியக் கலைஞரின் படங்களைக் காட்டினார். பனி மூடிய கூரைகள், வயல், ஆற்றங்கரையில் ஒரு கிராமம். "படத்தைக் கீறியவரே பலகையை வெட்டினார், வெட்டியவரே அச்சிட்டார். வேறு கை படவில்லை," என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் தொடர்ந்து போனேன்.

மற்றவர்கள் மலையும் ஏரியும் கீறினார்கள். நான் சமைக்கும்போது எங்கள் குசினி ஜன்னலில் தெரிவதைக் கீறினேன். தண்டவாளம், எதிர் மாடிவீடுகள், மேலே ரயிலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள். "உங்கள் ஊரைக் கீறலாமே, பனைமரங்களோடு?" என்று ஆசிரியை கேட்டார். இருபத்திரண்டு வருஷமாய் இதுதான் என் ஊர் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

கம்பி வெட்டுவது லேசில்லை. பலகையில் கோடு நிற்க வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் மரத்தை எடுக்க வேண்டும். உளி வழுக்கினால் கோடு போய்விடும். ஐந்து கம்பிக்கு நாலு செவ்வாய் போனது.

பிறகு காய்ச்சலில் ஒரு வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் பலகையில் ஒரு கம்பியும் இல்லை. எல்லாவற்றையும் யாரோ வழித்து எடுத்திருந்தார்கள்.

"கண்காட்சி வருகிறது, நானே கொஞ்சம் சரிசெய்தேன்," என்றார் ஆசிரியை. "இப்போது ஜப்பானியப் படம் மாதிரி, எவ்வளவு அமைதி."

"கம்பி இல்லாமல் ரயில் ஓடாது," என்றேன் டொய்ச் மொழியில்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. பக்கத்து மேசைக்காரரின் மலை கோணலாய்த்தான் இருந்தது. அதில் ஆசிரியை உளி வைக்கவில்லை. அந்த மனிதர் ஏன் என்று கேட்பார். நான் சிரித்து வைப்பவள்.

வீட்டில் கணவர், "கம்பிக்கோ இவ்வளவு கோவம்? விடுமப்பா," என்றார்.

"நீங்கள் வைக்கிற கறியில நான் கேளாமல் உப்புப் போட்டால் என்ன துள்ளுத் துள்ளுவீங்கள்?"



கண்காட்சியில் அந்தப் பலகையில் அச்சிட்ட என் படம் நடுச்சுவரில் தொங்கியது, கீழே என் பெயர். முன்பின் தெரியாத ஒருவர் கை குலுக்கி, "வானம் அருமை," என்றார். போய்ப் பெயர் அட்டையைக் கழற்றினேன்.

ஆசிரியை ஓடிவந்தார். "படம் பிடிக்கவில்லையா?"

"படம் இருக்கட்டும். வானத்தை வெட்டியது நீங்கள். உங்கள் பெயரைப் போடுங்கள்."

அவர் போடவில்லை. கண்காட்சி முடியும்வரை அது பெயரில்லாமல் தொங்கியது.