மாசி வரும் ஊருக்குப் போன அக்கா

காலை ஐந்தரை மணி. கண் விழித்ததும், கூடத்தின் நடுவில் நின்ற பெரிய பெட்டியைத்தான் கண்டேன். பெட்டி மேல் மாமா அமர்ந்து அழுத்த, அக்கா முழங்காலில் நின்று ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாலைதீவில் கணக்கு ரீச்சர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் விமான நிலையம் போக வான் வந்து நின்றது.

அந்த நாட்டிலிருந்து மாசிக் கருவாடு வரும் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அம்மாவோ மாசி போட்ட சீனிச் சம்பல் ஒரு போத்தல் நிறையச் செய்து பெட்டிக்குள் வைத்திருந்தார்.

“மாசி வாற ஊருக்கே மாசியைத் திருப்பி அனுப்புறியே, தங்கச்சி!” என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பட்டம் பெற்ற அக்கா மூன்று வருடமாக அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தாள். இன்னும் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

“முதலாம் வகுப்பிலயிருந்து கம்பஸ் வரைக்கும் பிள்ளையின்ர படிப்புக்கு ஒரு சதக் காசு கட்டேல்ல. பக்கத்து நாடுகளில எங்க இருக்கு இப்பிடி? படிப்பிச்ச நாடு கூப்பிடாமல் விடுமே?”

“படிப்பிச்ச பிள்ளையை என்ன செய்யிறதெண்டு எங்கட நாட்டுக்குத் தெரியேல்ல, மச்சான். பக்கத்து நாட்டுக்காரனுக்குத் தெரியுது” என்றார் மாமா.

அக்கா குனிந்து செருப்பு வாரைப் பூட்டினாள். கண் சிவந்திருந்தது. அருகே போய்க் கேட்டேன்.

“அங்க கணக்கு ரீச்சர் இல்லையா?”

“இல்லையாமடா.”

“பாவம் அந்தப் பிள்ளையள். நீங்க போனா அவையின்ர விளையாட்டுப் போயிடும். எங்கட வகுப்புக்கும் கணக்கு ரீச்சர் இல்லை. அந்தப் பாடத்துக்கு நாங்கள் கிரிக்கெட்தான்.”

வீட்டில் சொல்வதில்லை என்று வகுப்பே பேசி வைத்திருந்த விஷயம் வாய் தவறி வந்துவிட்டது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா நிமிர்ந்தார்.

“எவ்வளவு நாளா?”

“போன வருஷத்திலயிருந்து, அப்பா.”

அவர் உள்ளே போய் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அக்காவின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டார். பெட்டியைத் தானே தூக்கி வானில் ஏற்றிவிட்டு, முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

பாடசாலைக்கு வந்து எங்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிடுவாரோ என்றுதான் வழி முழுக்க எனக்குப் பயம்.

அடுத்த வருடமும் எங்கள் வகுப்புக்குக் கணக்கு ரீச்சர் வரவில்லை.