செல்விக்கு அடுத்த பெயர்

ஒரு சிறுமியின் பெயரை அவள் அப்பாவின் குரலிலிருந்து நான் அழித்தேன். அழித்ததை மறைத்தும் வைத்தேன்.

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு குரல் சிகிச்சை நிலையத்தின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. புற்றுநோயால் குரல்வளையை எடுக்க வேண்டியவர்களை ஆபரேஷனுக்கு முன்பு பேசவைத்துப் பதிந்து வைப்போம். மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்து விவசாயி முருகேசன் அப்படிப் பேசிவிட்டுப் போனவர். ஆபரேஷனுக்குப் பின், அந்தக் குரலைக் கேசட்டில் வாங்கிப்போக மனைவியோடும் இரண்டு பெண்களோடும் வந்திருந்தார்.

ஃபைல் திறக்கவில்லை. எங்கள் சர்வர் ஃபைலைத் துண்டுதுண்டாக, பிளாக்குகளாக வைக்கும்; ஒவ்வொரு பிளாக்கோடும் ஒரு செக்சம், அதாவது சரிபார்ப்புக் கணக்கு, எழுதியிருக்கும். படிக்கும்போது அந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் சிஸ்டம் ஃபைலையே தராது. அன்று ஒரே ஒரு பிளாக் ஒத்துவரவில்லை. அதில் இருந்தது மூன்று நொடிக் குரல்.

வெளியே தூறல். நல்ல பிளாக்குகளைத் தனித்தனியே எடுத்து ஹெட்போனில் கேட்டேன். திரையில் அவர் குரல் பனிமூட்டத்து மலைகள்போல ஏறி இறங்கியது. "செல்வி..." பிறகு ஒரு பள்ளம். அப்புறம், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல, "நல்லாப் படிங்க கண்ணுகளா."

டைரக்டர் எட்டிப் பார்த்தார். "ஏன்ரீ, இன்னும் ஆகலியா? அந்தம்மா வாசல்லயே நிக்கறாங்க. சத்தம் வந்தாப் போதும்ரீ, கச்சேரியா பண்றோம்?"

'செல்வி' இருந்த முந்தைய பிளாக்கை அப்படியே கெட்டதன்மேல் எழுதி, செக்சத்தைப் புதிதாகப் போட்டேன். சிஸ்டம் சமாதானமாகிவிட்டது. நகல் எடுக்காமல் மூல ஃபைலிலேயே கைவைத்திருந்தேன்.

கேசட் ஓடியது. "செல்வி... செல்வி... நல்லாப் படிங்க கண்ணுகளா." மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்னவள் மலர் நிமிர்ந்தாள்.

"எம்பேரு எங்கீங்கப்பா? அக்காவையே ரெண்டு வாட்டி கூப்புடறீங்க?"

"உன்னையக் கூப்பிட்டா மட்டும் திரும்பிப் பாப்பியாக்கும்" என்றாள் செல்வி.

முருகேசன் கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தொட்டபடி என்னைப் பார்த்தார். அன்று தான் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். பேச முடிந்தவன் நான்தான். பேசவில்லை.

பிறகு கையேடுகளைப் படித்தபோதுதான் விளங்கியது. ஒரே ஒரு பைட் கெட்டாலும் செக்சம் ஒத்துவராது. சிஸ்டம் தர மறுத்த அந்தப் பிளாக்கில் மலரின் பெயர், கொஞ்சம் கரகரப்போடு, கிட்டத்தட்ட முழுசாகவே இருந்திருக்கும். நகல் எடுத்து, செக்சம் சோதனையை நிறுத்திவிட்டு, உள்ளதை உள்ளபடி படித்திருக்க வேண்டும். பேக்கப் டேப்பைத் தேடினேன். அதிலும் நான் திருத்திய ஃபைல்தான் ஏறியிருந்தது.

மார்டள்ளிக்குப் பஸ் ஏறினேன். அவர்கள் நால்வர் முன்னாலும் சொன்னேன்.

"அப்ப எம்பேரு இருந்துச்சுங்களா?" என்றாள் மலர்.

"இருந்ததும்மா. நான்தான் அழிச்சிட்டேன்."

அவள் காலால் மண்ணைக் கீறினாள். "அக்கா பேர அங்கிருந்து எடுத்துருங்க. அந்த எடம் சும்மாவே இருக்கட்டும்."

திரும்பிவந்து, அந்தப் பிளாக் முழுக்கச் சைபர் எழுதி, மீண்டும் செக்சம் போட்டேன். புதுக் கேசட்டை நானே கொண்டுபோனேன்.

"செல்வி..." என்றது குரல். "ம்" என்றாள் பெரியவள். பிறகு டேப் சத்தமில்லாமல் ஓடியது. மலர் கேசட் பெட்டியைப் பார்க்கவில்லை, அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசனின் உதடுகள் அசைந்தன.

"என்னங்கப்பா?" என்றாள்.

"நல்லாப் படிங்க கண்ணுகளா" என்றது கேசட்.