சாயங்காலத்துக்குள் ரெண்டு நாள் வேலை

மழை பெய்தால் தண்ணீர் எங்கே ஏறும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். இதில் கம்ப்யூட்டரைவிட எதிரில் உட்கார்ந்திருப்பவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு என்று, இப்படி யாரிடமாவது மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

கடிகாரம் வேற, கணக்கு வேற

மரக்காணம் உப்பள முதலாளி ஏழுமலை காலையிலேயே எங்கள் கிளியனூர் ஆபீசுக்கு வந்துவிட்டார். கோடையில் புயல் எச்சரிக்கை. உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டாச்சு. ஆனால் கால்வாய்த் தண்ணீர் ஏறி அடியில் புகுந்தால் அத்தனையும் கரைந்துவிடும். ஆள் வைத்து மேட்டுக்கு மாற்றுவதா, வேண்டாமா? பொழுது சாய்வதற்குள் தெரிந்தாக வேண்டும்.

"ரெண்டு நாள் வேலைங்க, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன். முறைத்தார். பதினாறு ப்ராசஸர்கள் பங்கு போட்டு ஒரே நேரத்தில் செய்யும், ஒவ்வொன்றும் உழைத்ததைக் கூட்டினால் ரெண்டு நாள், நம்ம கடிகாரத்தில் மூணு மணி நேரம்தான் என்று விளக்கினேன்.

"ஏம்பா, உன் மெஷினு எத்தினி நாள் வேணா உழைச்சிட்டுப் போகட்டும். ஆளுங்களுக்கு நான் எப்ப போன் போடணும், அத்த சொல்லு."

எல்லாரும் பிஸி

மூணு மணி நேரம் தாண்டியும் முடியவில்லை. எரிச்சலாக வந்தது. உழைத்த நேரம் மளமளவென்று ஏறுகிறது, வேலை நகரவே இல்லை! கூட வேலை செய்யும் ஷபானா தோண்டிப் பார்த்தாள். வரைபடத்தைச் சமமான பட்டைகளாக நறுக்கியிருந்தோம். தண்ணீர் முழுக்கக் கால்வாய் ஓடும் ஒரே பட்டையில். மற்றதெல்லாம் காய்ந்த நிலம். காய்ந்த பங்கு கிடைத்த ப்ராசஸர்கள் சட்டென்று முடித்துவிட்டு, கால்வாய் கிடைத்த ஒன்றைப் பார்த்து, 'அது முடிச்சிடுச்சா, முடிச்சிடுச்சா' என்று கேட்டபடி நின்றன. அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பதும் உழைப்புக் கணக்கில்தான் ஏறும்.

தண்ணீர் உள்ள இடத்தை எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுத்து மறுபடி ஓட்டினோம். ஏழுமலை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. ஷபானா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் பிஸியாதான் இருந்துது சார், வேலைதான் நடக்கல. நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரி."

அண்ணன் பக்கம்

வெளிச்சம் இருக்கும்போதே விடை வந்துவிட்டது. தண்ணீர் ஏழுமலையின் குவியலைத் தொடாது. பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் அவர் அண்ணனுடைய குவியலை மூழ்கடிக்கும். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது, ஊருக்கே தெரியும்.

"உங்க உப்பு தப்பிச்சிடுச்சுங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன்டா சிரித்தோம் என்று ஆகிவிட்டது. அப்புறம் போனை எடுத்தார்.

"டேய், நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல. எல்லாரும் அண்ணன் உப்புக்குப் போங்க. திட்டுவாரு, திட்டட்டும், நீங்க நிறுத்தாம மூட்டை கட்டுங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

ப்ராசஸர் நேரம், கடிகார நேரம் ரெண்டுக்கும் எங்களிடம் கணக்கு இருக்கிறது. அந்தப் போனை எடுக்க ஏழுமலைக்கு ஆன நேரத்தை எதில் சேர்ப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.