முதல் கெரானில் குங்குமம்

கெரான் என்கிற நிலப்பட்டாவில் குங்குமம் ஊறியிருந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். அதைச் சாமி முன்னால் கொண்டுபோய் வைத்தவளும் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வக்கீல் ஆபீஸ். நான் அங்கே கன்வேயன்சிங் கிளார்க். வீடு வாங்குபவர்களின் பத்திரங்கள், வங்கிக் கடன் ஒப்பந்தம், லேண்ட் ஆபீஸ் அலைச்சல் எல்லாம் என் பாடு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பேனல். ஒரு வங்கி வீட்டுக் கடன் கொடுக்கிறது என்றால், அந்தக் கடன் பத்திரங்களை எல்லா வக்கீலும் எழுதிவிட முடியாது. வங்கி தன் பேனலில் சேர்த்துக்கொண்ட ஆபீஸுக்குத்தான் ஃபைல் வரும். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம்.

ஆபீஸை ஆரம்பித்த சார் இருந்தவரை எங்களுக்குப் பேனல் பஞ்சம் இருந்ததில்லை. அவர் காலமானதும், ஒரே ஒரு வக்கீல் இருக்கும் ஆபீஸ் என்று சொல்லி வங்கிகள் ஒவ்வொன்றாக எங்களைக் கழற்றிவிட்டன. மிஞ்சியவர் யோகேஸ்வரி மேடம். என்னைவிட இளையவர், அதனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு புதிய வங்கிக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"இது கிடைக்கலன்னா வருஷக் கடைசியில மூடிடலாம்க்கா. உங்கள எல்லாம் இழுத்தடிக்க எனக்கு மனசு வரல."

நாங்கள் எல்லாரும் என்றால் நாலு பேர். நான் விண்ணப்பத்தின் நகல்களைப் பஞ்ச் செய்து ஃபைலில் கோத்தேன். எத்தனை வருடப் பிராக்டிஸ், இன்சூரன்ஸ் இருக்கிறதா, வக்கீல் மேல் புகார் உண்டா, ஒரிஜினல் பத்திரங்களை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று வங்கி கேட்காத கேள்வி இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

பிறகு நேரில் பார்க்கவும் வந்தார்கள். வந்தவர் வங்கியின் பேனல் பிரிவு அதிகாரி நோராய்னி, மலாய் மரியாதைப்படி புவான் நோராய்னி. எங்கள் செங்குத்துப் படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, போர்டைப் படம் எடுத்தார், மேசைகளைப் படம் எடுத்தார், தீப்பிடிக்காத இரும்புக் கேபினட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். கேபினட்டுக்கு எதிரே சுவரில் எங்கள் சாமி மேடை. முருகனும் சரஸ்வதியும் ஒரு சின்ன பல்பும்.

"இதுவும் ஆபீஸில் சேர்த்தியா?" என்று மலாயில் கேட்டார்.

"அவங்கதான் இங்க சீனியர் ஸ்டாஃப், புவான்," என்று மேடம் மலாயிலேயே சொன்னார். புவான் சிரித்துவிட்டு அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

பேனல் கிடைத்தது. கடிதம் வந்த அன்று மேடம் எல்லாருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் முதல் ஃபைலும் வந்தது. லோரி ஓட்டும் தவமணி அண்ணன் சாலாக் செலாத்தானில் வாங்கிய வீடு. பத்திரம் எல்லாம் முடிந்து, அவர் பெயரும் வங்கியின் உரிமையும் பதிவான ஒரிஜினல் கெரான் லேண்ட் ஆபீஸிலிருந்து என் கைக்கு வந்தது ஆயுத பூஜை அன்று பிற்பகல்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பு, ஸ்டேப்ளர், மேடத்தின் லேப்டாப் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். மறுநாள் காலைவரை எதையும் எடுக்க மாட்டோம். அன்று எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. புது பேனலின் முதல் கெரான், இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறது, சாமி முன்னால் வைக்காமல் எப்படி என்று நினைத்தேன். ஒரிஜினல் பத்திரம் ஒரு இரவுகூடக் கேபினட்டுக்கு வெளியே இருக்கக் கூடாது என்பது பேனல் விதி. அது எனக்குத் தெரியும். முருகனைவிடவா கேபினட் பாதுகாப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெரானைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் மேல்தான் பொட்டு வைத்தேன். அவ்வளவு கவனம் எனக்கு. கீழே பூக்கடையிலிருந்து வந்த மாலையை எல்லாவற்றுக்கும் மேலாகச் சாத்தினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட வந்த மாலை.

காலையில் எடுத்தால், மாலைத் தண்ணீர் குங்குமத்தைக் கரைத்து, உறையின் திறந்த பக்கமாக உள்ளே இறங்கியிருந்தது. லேண்ட் ஆபீஸ் முத்திரைக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு, பக்கத்தில் பதிவு எண் பாதி அழிந்து கிடந்தது. மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "மேடம், நல்லா காயவெச்சு, புது கவர்ல போட்டு அனுப்பிடலாம். பேங்க்ல வாங்கி ஸ்ட்ராங் ரூம்ல வெச்சிடுவாங்க. லோன் முடியிற வரைக்கும் யாரும் திறக்க மாட்டாங்க."

"லோன் முடியும்லக்கா? அன்னிக்குத் தவமணி அண்ணே வயசான காலத்துல கெரானை எடுக்க வருவாரு. அவருக்கு யாரு பதில் சொல்றது?"

மேடம் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார்.

"பேங்குக்கு லெட்டர் டைப் பண்ணுங்க. நான் சொல்றேன்."

நடந்ததை வரிசையாகச் சொன்னார். நான் இடையில், "இன்அட்வர்டன்ட்லி, தெரியாம நடந்துச்சுனு ஒரு வார்த்த போட்டுக்கலாமா மேடம்?" என்றேன்.

"பொட்டு தானா வந்து விழுந்துச்சா? நாம வெச்சோம். வெச்சோம்னே போடுங்க."

வைத்தது நான் ஒருத்தி. அவர் நாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கீபோர்டைப் பார்த்தபடியே அடித்து முடித்தேன். அன்று மதியமே அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு புவான் நோராய்னியைப் பார்க்கப் போனார்.

வங்கி பதில் எழுதியது. மாற்றுக் கெரான் வந்து சேரும்வரை புதிய ஃபைல் கிடையாது, அதன்பின் பேனலில் வைத்திருப்பதா என்று கமிட்டி முடிவு செய்யும். அன்றிலிருந்து ஆபீஸில் போன் அடித்தாலே நாலு பேரும் தலையைத் தூக்கிப் பார்ப்போம்.

மாற்றுக் கெரானுக்கு விண்ணப்பிக்கத் தவமணி அண்ணன் கையெழுத்து வேண்டும். திட்டுவார் என்று பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"என் வீட்டு கெரானையா சாமிகிட்ட வெச்சீங்க?" என்று கேட்டார். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா. நானே பூ வாங்கிட்டு வந்திருப்பேன்."

கெரான் எப்படிக் கெட்டது என்று நானும், லேண்ட் ஆபீஸுக்கு ஒன்று எங்கள் ஃபைலுக்கு ஒன்று என, சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. சத்தியம் வாங்கும் கமிஷனர் அடுத்த தெருவில் உட்காரும் பெரியவர். மாலை, குங்குமம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முத்திரையைக் குத்திவிட்டு, "சுண்டல் செஞ்சீங்களா?" என்றார்.

"செஞ்சோம்."

"எனக்கு வரலையே."

லேண்ட் ஆபீஸ் கவுன்டருக்கு நான் நடந்த நடையைப் பத்துமலைப் படியில் ஏறியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும். ஒரு வழியாகப் புதுக் கெரான் வந்தது. லேண்ட் ஆபீஸிலிருந்து நேராக வங்கிக்கே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன், ஆபீஸுக்குக்கூட எடுத்து வரவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கமிட்டியின் கடிதம் வந்தது. மேடம் உறையைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். பிரித்துப் படித்தேன். பேனலில் தொடரலாம் என்று இருந்தது.

மறு வருடம் பேனல் புதுப்பிப்புக்கான ஆய்வுக்குப் புவான் நோராய்னி வந்தபோது ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, சாமி முன்னால் அடுக்கியதை நாங்கள் இன்னும் எடுத்திருக்கவில்லை. கேபினட்டையும் பதிவேட்டையும் நிதானமாகச் சரிபார்த்தார். கமிட்டியில் அன்று என்ன பேசினார்கள் என்று மேடம் கேட்டார். தப்பே செய்யவில்லை என்று சொல்லும் கடிதங்கள்தான் எனக்குத் தினமும் வருகின்றன, நான் கண்டுபிடிக்கும் முன்பே தப்பைச் சொல்லிக்கொண்டு வந்தது உங்கள் கடிதம் ஒன்றுதான் என்றார் புவான். பேனலில் சேர்வதற்கு அந்த நீளமான ஃபாரம் போதும். நிலைப்பதற்கு அன்று மதியமே எழுந்து போன மேடத்தின் கால்கள் வேண்டும். எனக்கு இந்த வேலையில் கிடைத்த பாடம் அவ்வளவுதான்.

கிளம்பும்போது புவான் சாமி மேடை முன்னால் நின்றுவிட்டார். ஸ்டாம்புகளுக்கு நடுவே பொட்டு வைத்த ஒரு தாள் இருந்தது. குனிந்து படித்தார். நான் எழுதிக் கொடுத்த சத்தியப் பத்திரம்தான் அது. மேடத்தின் குறும்பு. வருடா வருடம் முதல் பொட்டு அதற்குத்தான் என்று சட்டம் போட்டிருக்கிறார்.

புவான் நிமிர்ந்து என்னைப் பார்த்து, இது ஒரிஜினலா என்று கேட்டார்.

"போட்டோஸ்டேட், புவான்," என்றேன். "ஒரிஜினல் கேபினட்ல இருக்கு."