புதுக் கட்டடத்தில் ஓர் இடம்

எங்கள் ஸ்டேஷனை மறுபடியும் இடிக்கிறார்கள். போன மாதம் மதுரையிலிருந்து வந்து இறங்கியபோது முன்பக்கம் முழுக்கத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். தகரத்தின் மேல், இனி வரப்போகும் ஸ்டேஷனின் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. லிப்ட், கண்ணாடிக் கூரை, படத்தில் மட்டுமே நடமாடுகிற சுத்தமான மனிதர்கள். பின்னால் தெரியும் பழனி மலையை மட்டும் உள்ளபடி விட்டுவைத்திருந்தார்கள். நாடு முழுக்க ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிறார்களாம், அந்தப் பட்டியலில் எங்கள் சிற்றூரும் இருக்கிறது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தகரத்தின் முன்னால் பையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இதற்கு முன்பு இதே ஸ்டேஷனை இடித்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அது சின்ன ரயில் போய்ப் பெரிய ரயில் வந்த காலம். பழைய பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட வண்டிகளையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். அம்மாவின் தம்பிக்கு, எங்கள் மாமுவுக்கு, அந்த பிளாட்பாரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. வண்டி ஓடிய நாட்களில் டீயோடு ஆயக்குடி கொய்யாவும் விற்பார். அப்போது பிளாட்பாரம் தாழ்வானது. கூடையைத் தலையில் வைத்தால் சரியாக ஜன்னல் மட்டத்துக்கு வரும். உள்ளே இருப்பவர்களே கையை நீட்டிப் பழத்தைப் பொறுக்கிக்கொள்வார்கள், மாமு அண்ணாந்துகூடப் பார்க்க வேண்டாம்.

வண்டி நின்றபிறகும் அவர் கடையைப் பூட்டவில்லை. தண்டவாளம் போட வடக்கேயிருந்து வந்த ஆட்கள் விடிந்ததும் வந்து டீக்கு நின்றார்கள். அவர்கள் மாமுவை 'சாச்சா' என்றார்கள். மாமு அவர்களுக்காக டீயில் இஞ்சி தட்டிப் போடக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அந்தக் கடைக்குத்தான் போவேன்.

எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. இன்று என்னிடம் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தை மாமு எனக்கு நான்காம் வகுப்பிலேயே கொடுத்துவிட்டார். நான் வாசிக்கப் பழகும்வரை, வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் பஜாரில் உரக்கடைக் கணக்குப்பிள்ளையிடம் போய் நிற்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார், துடைப்பார், வந்த ஆட்களுக்கு மூட்டை போடுவார், பிறகு இன்னொரு முறை துடைப்பார். அத்தா பாதி வாரம் பூம்பாறையில் பூண்டு லாரி ஏற்றப் போய்விடுவதால், அங்கே போய் நிற்பது மாமுவின் பங்கு. நான் எழுத்துக்கூட்டாமல் தினத்தாளைப் படித்துக் காட்டிய அன்று மாமு அம்மாவிடம், இனிமேல் எவன்கிட்டயும் கையக் கட்டிக்கிட்டு நிக்க வேணாம், நம்ம வீட்டுலயே ஆளு ரெடி என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு அந்தக் காகிதம் வந்தது. மேலே சிங்கமுத்திரை, கீழே பச்சை மையில் கையெழுத்து. மாமு கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கி, சாயங்காலம் நான் வரும்வரை பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். என்னை பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்தார்.

நான் படித்தேன். மேற்படி நிலையத்தில் உரிமம் பெற்று வணிகம் செய்துவரும் தாங்கள், புதிய கட்டடத்தில் இடம் கோரும் பட்சத்தில், இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற பதினைந்து நாட்களுக்குள் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தவறும் பட்சத்தில் தங்களது கோரிக்கை பரிசீலிக்கப்பட மாட்டாது. ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்பதை ஒரே மூச்சில் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்த வடக்கத்தி ஆட்கள் கைதட்டினார்கள். ஒரு சொல்லும் புரியாதவர்கள் என்பதால் நன்றாகவே தட்டினார்கள்.

மாமுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னமா மரியாதையா எழுதிருக்காங்க பாரு. தாங்கள்னு போட்டுருக்காங்க."

புதிய கட்டடம் என்பதும் இடம் என்பதும் அவர் காதில் விழுந்திருந்தன. அதனால் புதுக் கட்டடத்தில் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். அப்படித்தானே புள்ள என்று என்னைக் கேட்டார். அப்படித்தான் என்றேன். எனக்கும் அது அப்படித்தான் கேட்டது. மறுநாள் வெள்ளனே பஜாருக்குப் போய் அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடி போட்டு, கடையில் மக்கா படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார்.

அதன்பிறகு கடைக்கு யார் வந்தாலும் நான் படித்துக் காட்ட வேண்டும். வந்தவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். ஜல்லி அள்ளுகிற பெண்கள், ஆடு மேய்க்கிறவர்கள், மறுபடியும் வடக்கத்தி ஆட்கள். கொஞ்ச நாளில் கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லப் பழகிவிட்டேன். மாமு புதுக் கடைக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று என்னைக் கேட்டார். நான் ரோஸ் என்றேன். பெரிய ரயிலில் ஜன்னல் இன்னும் உயரமாக இருக்குமா, கூடை எட்டுமா என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கவலை.

ஒருநாள் சாயங்காலம் கையில் வரைபடத்தோடு ஓர் இன்ஜினியர் வந்தார். கடையை எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டார். மாமு சிரித்துக்கொண்டே, காலி எதுக்குங்க சார், நமக்குத்தான் அங்கன இடம் வந்திருச்சே என்று கண்ணாடியைக் காட்டினார். அவர் கிட்டே போவதற்குள் என்னை பெஞ்சில் ஏற்றி, "புள்ள படிக்கும், கேளுங்க சார்" என்றார்.

அன்று படித்ததைப்போல நான் என்றைக்கும் படித்ததில்லை. இன்ஜினியர் கடைசிவரை கேட்டார். கைதட்டவில்லை.

"எழுதிக் குடுத்தீங்களா பாய்?"

"என்னத்தங்க சார்?"

"பதினஞ்சு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு இப்பத்தானே பாப்பா படிச்சுச்சு. அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

மாமு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெஞ்சின் மேல் இன்னும் நிமிர்ந்துதான் நின்றிருந்தேன். அந்த மனிதர் நல்லவர். மாமுவின் பேரைக் குறித்துக்கொண்டு, சொல்லிப் பார்க்கிறேன் என்று போனார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் கடையைப் பிரித்தார்கள்.

அன்று வீட்டில் அம்மா மாமுவைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக் குடுக்கச் சொல்லி வந்த காயிதத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டுன ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாண்டா" என்றாள். எனக்கும் கோபம் வந்தது. எத்தனை பேர் முன்னால், எத்தனை தடவை, எவ்வளவு சுத்தமாகப் படித்திருக்கிறேன்.

"நாந்தான் அன்னைக்கே படிச்சுச் சொன்னேனே மாமு. நீங்கதான் கேக்கல."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்.

"ஆமா தாயி. நீ சரியாத்தான் படிச்ச. எனக்குத்தான் சோலி மும்முரத்துல மறந்து போச்சு."

ஒத்துக்கொண்டாரே என்று நானும் மன்னித்துவிட்டேன்.

மாமு கொடைக்கானலுக்குப் போனார். ஏரிக்கரையில் யாரோ ஒருவரின் தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டு விற்றார். மார்கழி மாதத்தில் எங்கள் ஊரிலேயே காதில் துண்டைக் கட்டிக்கொள்கிற ஆள் அவர். நான் பள்ளிக்கூடத்தில், எங்க மாமு கொடைக்கானல்ல இருக்காங்களாக்கும் என்று பீற்றிக்கொண்டேன்.

மாதம் ஒருதடவை இறங்கி வருவார். எனக்குப் பேரிக்காயும், சட்டைப்பையில் ஏதாவது ஒரு காகிதமும் இருக்கும். வண்டிக்கு நகராட்சி கொடுத்த நோட்டீஸ், ரேஷன் கார்டு மாற்ற ஒரு பாரம், ஒன்றும் இல்லாவிட்டால் என் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்திருக்கும் உதவித்தொகைச் சுற்றறிக்கையையே எடுத்துக்கொள்வார். கணக்குப்பிள்ளையிடம் அவர் திரும்பிப் போகவே இல்லை. என்னையேதான் படிக்கச் சொல்வார். முடிக்கும்வரை தலையாட்டாமல் கேட்பார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்பார்.

"சரி தாயி. இப்ப நாம என்ன செய்யணுங்கிறாங்க?"

எனக்குப் பதில் தெரியாது. காது கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக முதலிலிருந்து படிப்பேன். அவரும் அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பார். வேறு வழியில்லாமல் மறுநாள் காகிதத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், டீச்சரிடம் வரிவரியாகக் கேட்டு வந்து சொல்வேன். அதைக் கேட்டபிறகுதான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். எட்டாம் வகுப்புவரை இப்படியே நடந்தது.

அந்த நாட்களில் எனக்கு மாமுவை நினைத்தால் பாவமாக இருக்கும். முன்பெல்லாம் ஒரு தடவை படித்தாலே எல்லாவற்றையும் புரிந்துகொண்ட மனிதருக்கு இப்போது எத்தனை தடவை படித்தாலும் ஏற மாட்டேன் என்கிறதே என்று அம்மாவிடம் சொன்னேன். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு மூளை மந்தமாகிவிட்டது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.